முகம் எங்கே?

நுழையும்முன்

ஓர் உருவ ஓவியத்தின்முன் நிற்கும்போது நாம் முதலில் தேடுவது தெரிந்த முகத்தைத்தான். அது கிடைத்தால் மகிழ்கிறோம். கிடைக்காவிட்டால் விலகிச் செல்கிறோம். விலகுவதற்குமுன் இன்னும் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பதை ஓர் ஆசிரியரின் பட்டறிவு வழியாக இக்கட்டுரை உணர்த்துகிறது.

இரு கருத்துகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதி மாணவர்கள் சிலருடன் பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குச் சென்றிருந்தேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஓவியக் கூடங்களைக் காண்பது எங்கள் நோக்கம். இரவிவர்மாவின் ஓவியங்களுக்குமுன் மாணவர்கள் நெடுநேரம் நின்றனர். பட்டின் மடிப்பும் நகையின் ஒளியும் அவர்களை வியப்பில் ஆழ்த்தின. தற்கால ஓவியங்கள் இருந்த பகுதிக்கு வந்ததும் நடை விரைவாயிற்று.

ஊர் திரும்பும் வண்டியில் வாதம் தொடங்கியது. “இதை என் தம்பிகூட வரைந்துவிடுவான்” என்றான் ஒரு மாணவன். “அப்படியானால் இதுவரை ஏன் வரையவில்லை?” என்று கேட்டாள் ஒரு மாணவி. அவன் விடவில்லை. “புரியவில்லை என்று சொன்னால் இரசனை இல்லை என்கிறார்கள். புரிந்ததுபோல் நடிக்க வேண்டுமா ஐயா?” என்று என்னிடம் கேட்டான். அது நேர்மையான வினா. அதற்கு உடனடியாக விடை சொல்ல என்னால் இயலவில்லை.

ஒப்புமையும் ஓவியமும்

அம்மாணவனின் எதிர்பார்ப்பில் தவறில்லை. ஓவியம் என்னும் சொல்லையே ‘ஒவ்வு’, அதாவது ஒத்திருத்தல், என்னும் வேரோடு தொடர்புபடுத்தும் அறிஞர்கள் உள்ளனர். மேலும், நம் பகுதி மக்களின் கண்களைப் பழக்கியவை நாட்காட்டிப் படங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜூவும் அவருடைய மாணவர்களும் வரைந்த உருவங்கள் சிவகாசி அச்சகங்களில் அச்சாகி, குடிசை முதல் மாளிகைவரை சுவர்களை அணி செய்தன. ஓவியக்கூடத்தைக் கண்டிராத எளிய மக்களுக்கு வீட்டுச் சுவரே ஓவியக்கூடமாயிற்று. அந்த மரபு இகழத்தக்கதன்று.

ஆயினும், ஒத்திருத்தல் என்பது ஒரே வகையினதா? திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கப்படும் கிளியை எண்ணிப் பாருங்கள். அதன் அலகு மாதுளம்பூ. உடல் பச்சை இலைகள். உயிருள்ள கிளியின் இறகு ஒன்றுகூட அதில் இல்லை. எனினும், அதைக் காணும் குழந்தையும் ‘கிளி’ என்றே சொல்கிறது. கிளியின் வளைவும் நிறமும் மட்டுமே அங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. எஞ்சியதைக் காண்பவர் மனம் நிரப்பிக்கொள்கிறது.

வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் ‘புனையா ஓவியம்’ என்று நெடுநல்வாடை குறிப்பிடுகிறது. குறைந்த கோடுகளில் நிறைந்த பொருளைக் காட்டுவது நமக்குப் புதிதன்று.

என் பிழை

இதை நான் மிகவும் காலம் தாழ்ந்தே உணர்ந்தேன். முன்னாள் முதலமைச்சர் பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே பொதுமக்களுக்கு அளித்ததால் காந்தி கலை மன்றம் உருவான ஊர் இராஜபாளையம். அப்பகுதிப் பள்ளி ஒன்றில் காந்தி பிறந்தநாள் ஓவியப் போட்டிக்கு ஒருமுறை நடுவராக இருந்தேன். ஒரு மாணவி, தடித்த கருங்கோட்டில் வளைந்த முதுகையும் ஒரு கைத்தடியையும் மட்டும் வரைந்திருந்தாள். ‘முகம் எங்கே?’ என்று தாளின் ஓரத்தில் எழிதி, அதை ஒதுக்கி வைத்தேன். அச்சுப்படத்தின்மீது கட்டமிட்டு அப்படியே பெயர்த்து வரைந்த மாணவனுக்கு முதற்பரிசு கிடைத்தது.

அம்மாணவி என்னிடம் வந்தாள். “ஐயா, அவருக்குப் பின்னால் நடந்து போனவர்களுக்கு முதுகுதானே தெரிந்திருக்கும்?” என்று மெல்லக் கேட்டாள். போட்டி விதிகளைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னர் நடந்த போட்டிகளில் அவளை நான் காணவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஓவியர் கே. எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைக் கண்டேன். திருச்சிராப்பள்ளிப் பகுதிச் சிற்றூரில் 1938இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவற்றை வரைந்தார். வேகமான கருங்கோடுகளே அங்கு உடலாகவும் முதுமையாகவும் உறுதியாகவும் மாறியிருந்தன. அவற்றின்முன் நின்றபோது அம்மாணவியின் வினா மீண்டும் என் காதில் ஒலித்தது. பின்தொடர்ந்தோர் கண்ட காந்தியை அவள் வரைந்திருந்தாள். நானோ நாட்காட்டியில் இருந்த காந்தியைத் தேடியிருந்தேன்.

வெறுக்கும் உரிமையும் அழிக்கும் உரிமையும்

புதியன எல்லாம் சிறந்தன என்பது என் கருத்தன்று. வரையப்பட்டவருக்கே ஓவியம் பிடிக்காமற் போவதும் உண்டு. இங்கிலாந்துப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாளன்று, 1954 நவம்பர் 30இல், கிரகாம் சதர்லாந்து தீட்டிய அவருடைய உருவ ஓவியம் நாடாளுமன்றத்தின் இரு அவையினர் சார்பில் வழங்கப்பட்டது. முதுமையின் தளர்ச்சியை மறைக்காத அவ்வோவியத்தைச் சர்ச்சில் வெறுத்தார். நவீன ஓவியத்திற்கு அது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு என்று அவர் ஏளனமாகச் சொல்ல, அவையே சிரித்தது. பின்னர், அவருடைய மனைவியின் விருப்பப்படி அது அழிக்கப்பட்டது. அதற்காகச் சதர்லாந்து வரைந்த முன்வரைவுகள் சில இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் உள்ளன.

சர்ச்சிலுக்கு அதை வெறுக்க உரிமை உண்டு. ஆனால், ஓவியம் அழிந்தபோது பிறர் அதைக் கண்டு தமக்கென ஒரு கருத்தைக் கொள்ளும் வாய்ப்பும் அழிந்தது. தாளின் ஓரத்தில் நான் எழுதிய இரு சொற்களும் சிறிய அளவில் அதையே செய்தன.

பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும்

வண்டியில் கேட்ட மாணவனுக்கு இப்போது விடை சொல்வேன்: நடிக்க வேண்டா. பொய்யான பாராட்டைவிட ‘புரியவில்லை’ என்னும் உண்மைச் சொல் மேலானது. ஆனால், அச்சொல்லோடு நின்றுவிடாதே. எதை விட்டுவிட்டு எதை வரைந்திருக்கிறார், ஏன் என்று கேட்டுப் பார். அதன் பின்னும் பிடிக்கவில்லையெனில், காரணத்துடன் சொல். அது ஓவியருக்கு நீ அளிக்கும் மதிப்பு.

இப்போதும் ஓவியப் போட்டிகளில் நடுவராக அமர்கிறேன். எனக்குப் புரியாத ஓவியம் வந்தால், வரைந்தவரை அழைத்து, “இதில் நீ கண்டது என்ன?” என்று கேட்ட பின்னரே மதிப்பெண் இடுகிறேன்.

கற்பவை கற்றபின்

1. ‘ஓவியம் உள்ளதை உள்ளவாறே காட்ட வேண்டும்’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.

2. உங்களுக்குப் பிடிக்காத ஓவியம் ஒன்றை ஐந்து நிமிடம் உற்றுநோக்கி, பிடிக்காமைக்கான காரணத்தைப் பத்து வரிகளில் எழுதுக.