குப்பிக்குத் தெரியாதது

1981 மே 26 இரவு, புளோரிடா கடற்பகுதியில் இருந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நிமிட்ஸில் இறங்க வந்த ஜெட் விமானம் ஒன்று மேல்தளத்தில் மோதித் தீப்பற்றியது. 14 பேர் இறந்தார்கள். இறந்த மாலுமிகள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்ததைப் பிணக்கூறாய்வு காட்ட, நாடு முழுக்க அதுவே பேச்சானது. படையினருக்கான கட்டாயச் சிறுநீர்ப் பரிசோதனை வேகம் பிடித்தது அதன் பிறகுதான். விமானத்தை இறக்கியவரின் உடலிலோ வேறொன்று இருந்தது: சளிக்குச் சாப்பிடும் மருந்து, பரிந்துரைத்த அளவைவிடப் பல மடங்கு. அந்த மருந்தை வழக்கமான பணியிடப் பரிசோதனை இன்றும் தேடுவதில்லை.

படையில் தொடங்கியது அலுவலகத்துக்கு வர அதிக நாளாகவில்லை. 1986-இல் அதிபர் ரேகன், மத்திய அரசு ஊழியர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை நடத்த ஆணை பிறப்பித்தார். 1988-இல் வந்த சட்டம், அரசின் ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் போதைப்பொருளுக்கு எதிரான விதிகளை வகுக்க வேண்டும் என்றதே தவிர, யாரையும் சோதிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் கிடங்கு, கடை, வங்கி என்று வேலை கேட்டு வருபவரிடம் சிறுநீர்க் குப்பியை நீட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக நம்மூர் மென்பொருள் நிறுவனங்கள் சிலவற்றிலும் அது நுழைந்திருக்கிறது. என் மறுப்பு எளிமையானது. இவர் இப்போது வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா என்பதுதான் முதலாளிக்குத் தெரிய வேண்டியது. குப்பிக்கு அது தெரியாது. மூச்சுப் பரிசோதனையில் ஊதினால் அந்த நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். சிறுநீரில் தேடுவதோ, கஞ்சாவை உடல் சிதைத்த பின் எஞ்சும் பொருளை. அந்த எச்சத்துக்குப் போதையூட்டும் ஆற்றல் கிடையாது. ஆனால் சில நாட்கள், தினமும் புகைப்பவருக்குச் சில வாரங்கள்கூட, உடலில் தங்கியிருக்கும். ஆகவே சனிக்கிழமை இரவு புகைத்துவிட்டுத் திங்கட்கிழமை தெளிவாக வருபவர் மாட்டிக்கொள்வார்; மது வழக்கமான ஐந்துவகைச் சிறுநீர்ப் பரிசோதனையில் இல்லை என்பதால், காலையிலேயே குடித்துவிட்டு வருபவர் அதில் தேறிவிடுவார். கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களும் சிக்கியதால், 1998-இல் மார்பின் வகைப் பொருட்களுக்கான வரம்பை 300-லிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்த வேண்டியிருந்தது. குருமாவில் கசகசா அரைத்து ஊற்றும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். வேலை இழந்தவருக்கு அப்படி இருந்திருக்காது.

என் மறுப்புக்கு எதிரான வலுவான சான்று, 1987 ஜனவரி 4-இல் மேரிலாந்து மாநிலத்தின் சேஸ் என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்து. நிறுத்தக் குறியைத் தாண்டி வந்த சரக்கு ரயில் எஞ்சின்கள் பயணிகள் ரயிலின் பாதையில் புகுந்தன. 16 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கஞ்சா புகைத்திருந்தார். விபத்துக்கு அதுவே காரணம் என்று விசாரணை வாரியமும் சொன்னது. இதை மழுப்ப முடியாது. ஆனால் அதே விசாரணையில், எஞ்சின் அறையில் எச்சரிக்க வேண்டிய ஊதலை நாடா ஒட்டி அடக்கியிருந்ததும் தெரியவந்தது. ஓட்டுநர் தவறினாலும் வண்டியைத் தானே நிறுத்தும் கருவி அந்த எஞ்சின்களில் இல்லை. போதை மட்டுமல்ல, தூக்கமோ மாரடைப்போ வந்திருந்தாலும் வண்டியை நிறுத்தியிருக்கக்கூடியது அந்தக் கருவிதான்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் தந்தது. விபத்துக்குப் பின் ரயில்வே ஊழியர்களைச் சோதிப்பது செல்லும் என்றது ஒன்று. ஏழு பேர் ஆதரவு. சுங்கத் துறையில் சில பதவிகளுக்கு வருவோரைச் சோதிப்பதும் செல்லும் என்றது மற்றது. அங்கே ஐந்துக்கு நான்கு. முதல் தீர்ப்பை ஏற்ற நீதிபதி ஸ்காலியா இரண்டாவதில் மாறுபட்டார். அவர் ஒன்றும் தாராளவாதி அல்ல. ரயில்வேயில் கேடு நடந்ததற்குச் சான்று இருந்தது, சுங்கத் துறையில் அப்படி ஒரு நிகழ்வைக்கூட அரசால் காட்ட முடியவில்லை என்பதே அவர் வாதம். எனக்கு அந்தக் கோடு சரியான இடத்தில் விழுந்ததாகத் தோன்றுகிறது.

சட்டவிரோதமானதைச் செய்தவரை நிறுவனம் ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்கலாம். குற்றத்தை விசாரிக்கக் காவல்துறை இருக்கிறது. வரி ஏய்ப்பு செய்தவரா என்று எந்த மேலாளரும் ஊழியரின் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்ப்பதில்லை. பரிசோதனை இருந்தால் பயம் இருக்கும் என்பார்கள். பயம் இருக்கும்தான், ஆனால் அது வேகமாக மறையும் பொருளுக்கு மாறும் பயமாகவும் முடியலாம். கஞ்சா தங்கும் அளவுக்குக் கொக்கெய்னின் தடயம் தங்குவதில்லை. கஞ்சா மயக்கத்தை அந்த நேரத்திலேயே நம்பகமாக அளக்கும் கருவி இல்லையே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் விமானிகளை நான் விதிவிலக்காக ஏற்கிறேன். 2022 ஜனவரி 31 முதல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமானிகள் உள்ளிட்ட பணிக்குழுவினரிலும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களிலும் ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதத்தினரை முன்னறிவிப்பின்றிச் சோதிக்கச் சொல்கிறது. ஒரு தவறுக்கு நூற்றுக்கணக்கான உயிர்கள் விலை என்னும்போது குப்பியின் குறையைச் சகித்துக்கொள்ளலாம். கணினி முன் நிரல் எழுதுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவரது வேலையில் தவறு இருந்தால் வேலையிலேயே தெரியும். கலிபோர்னியா 2024 ஜனவரி முதல், போதையூட்டாத அந்தக் கஞ்சா எச்சத்தை மட்டும் காட்டி வேலையை மறுக்கவோ பறிக்கவோ கூடாது என்று பெரும்பாலான நிறுவனங்களைத் தடுத்துவிட்டது. கட்டுமானத் தொழிலுக்கு விலக்கு உண்டு. வேலை நேரத்தில் மயங்கியிருப்பவரை வெளியே அனுப்ப அந்தச் சட்டம் இப்போதும் எந்தத் தடையும் விதிக்கவில்லை.