நாயை யார் பார்த்துக்கொள்வது?

தை பிறந்துவிட்டால் நம் தஞ்சைத் தரணியில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேரும். வயலில் சம்பா அறுப்பு; வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள். கும்பகோணத்தில் ஒரு முகூர்த்தம், திருச்சியில் ஒரு வரவேற்பு, சென்னையில் ஒரு சீமந்தம் என்று குடும்பமே பெட்டி கட்டும். பால்காரரிடம் சொல்லியாயிற்று; செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லியாயிற்று; சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. வாசலில் ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் யாராவது ஒருவர் கேட்பார்: "ஆமாம், நாயை யார் பார்த்துக்கொள்வது?"

இதற்கெல்லாம் ஆண்டு மலரில் இடமா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கலாம். நாய்க்கு நடுகல்லில் இடம் கொடுத்தவன் தமிழன் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீழ்ந்துபட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அந்தக் கல்லில் இடம் பெற்றிருக்கிறது, பெயரோடு! மாபாரதத்துத் தருமனோ, நாயை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றால் சொர்க்கமே வேண்டா என்று நின்றவன். நமக்கு அவ்வளவு நெடும்பயணம் இல்லை. பெரும்பாலும் சென்னை வரைதான்.

உடன் அழைத்துச் செல்லலாமே என்பீர்கள். முகூர்த்த நாளில் வழியும் பேருந்தில் நடத்துநரிடம் கேட்கவே வாய் வராது. இரயிலில் வழி உண்டு. ஆனால் முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் முன்பதிவு செய்தால்தான் நாய் நம்மோடு வரலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் தனியே வரவேண்டும். கல்யாண மண்டபத்தில் அதை எங்கே கட்டுவது என்பது அடுத்த கேள்வி. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளில் நாய் ஊரில்தான் நிற்கும். யாரிடம் என்பதுதான் பேச்சு.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் பன்னிரண்டு நாள் பயணமாகப் பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போயிற்று. தங்கள் வயலில் வேலை செய்யும் பெரியவரிடம், "நாயைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று போகிற போக்கில் சொல்லிச் சென்றார்கள். அது தாளடி நடவு நேரம். பெரியவர் இருட்டோடு எழுந்து வந்து சோறு வைத்துவிட்டு வயலுக்குப் போவார். விளக்கு வைத்த பிறகு மறுபடி வருவார். நான்காம் நாள் அவருக்கே காய்ச்சல். மனைவியை அனுப்பினார். அந்த அம்மாளை நாய் முன்பின் கண்டதில்லை. கொல்லைப்படலைத் தாண்ட விடவில்லை. அவர் சோற்றை இலையில் வைத்து மதிலுக்கு மேலாகப் போட்டார். தண்ணீரை அப்படிப் போட முடியுமா? திரும்பி வந்த வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாய் நின்ற நாயைப் பார்த்துப் பெரியவரைத் திட்டிய திட்டு தெரு முழுவதும் கேட்டது. பன்னிரண்டு நாளுக்கு அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். ஓர் இனிப்புப் பொட்டலம்.

இந்த இடத்தில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நாயை வதைத்தவர் யார் என்று கேட்டால் பெரியவரை நான் சொல்ல மாட்டேன். கூலி பேசாமல், நேரம் கேட்காமல், "நம்ம ஆள்தானே" என்ற பழைய பண்ணையார் நினைப்பில் ஒருவர் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டுப் போனவர்களையே சொல்வேன். நாய் பார்ப்பது வேலை. நகரத்து நாய் விடுதிகளில் இதே வேலைக்கு நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் வாய் பேசாமல் கொடுக்கிறோம், ரசீதும் வாங்குகிறோம். நம் ஊர்ப் பெரியவர் செய்தால் மட்டும் அது உபகாரமாகிவிடுமா? நாளுக்கு இவ்வளவு என்று பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, அவருக்கு முடியாத நாளில் யார் வருவார் என்று கேட்டு, அந்த இரண்டாவது ஆளையும் ஒரு வாரம் முன்னதாகவே வரவழைத்து நாய்க்குப் பழக்கிவிட்டுப் புறப்படுவதுதான் முறை. ராஜபாளையம் போன்ற காவல் நாய்கள் உள்ள வீட்டில் இது இன்னும் கட்டாயம். அவை புது ஆள் கையை இலேசில் ஏற்பதில்லை.

சங்கிலி போட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை எவ்வகையிலும் ஆதரிக்க முடியாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டம், நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாயை நடமாட விடாமல் வைத்திருப்பதையும், போதிய உணவும் நீரும் தராமல் இருப்பதையும், பசியால் வாடும்படி கைவிடுவதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் எழுதிவைத்த அபராதமோ 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! இன்று ஓர் ஆள் சிற்றுண்டி சாப்பிடவே அது போதாது.

நம் டெல்டாவில் சங்கிலிக்கு வேறொரு பயமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னைகள் சாய்ந்து கிடந்த காட்சியை மறந்திருக்க மாட்டோம். ஓடு பறக்கிற, கொட்டகை சரிகிற இரவில், தூணோடு கட்டப்பட்ட நாய்க்கு ஓட வழி ஏது? ஐப்பசி, கார்த்திகையில் வெளியூர் போகிறவர்கள் நாயைக் கட்டாமல் அடைப்புள்ள திண்ணையிலோ அறையிலோ விடச் சொல்லிப் போகவேண்டும். தீபாவளியும் அதே பருவத்தில் வருகிறது. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிக் காணாமற்போகும் நாய்கள் பல. அவிழ்த்துவிட்டால் போயிற்று என்று நினைப்பதும் சரியன்று. எலித்தொல்லைக்கு வயலில் வைக்கும் விஷ உணவையோ, அதைத் தின்று செத்த எலியையோ நாய் வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். (தஞ்சாவூர்க் கிட்டியோடு நின்றிருந்தால் இந்தக் கவலை இல்லை.)

இனி விடுதிகள். சென்னை, கோவை, பெங்களூர் போன்ற நகரங்களில் பெருகிய இவை, நாய் வைத்திருப்போர் கூடக்கூட மற்ற ஊர்களையும் எட்டும். நான் அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆளே கிடைக்காத வீட்டுக்கு அது நல்ல வழிதான். ஆனால் விளம்பரப் படத்தைப் பார்த்து விட்டுவிட வேண்டா. நடுப்பகல் வெயிலில் போய், நாய் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தகரக் கூரையா, காற்று வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். நாய்க்கு நம்மைப்போல் வியர்க்காது, இளைத்துத்தான் சூடு தணியவேண்டும். சுவர் வெடிப்புகளைப் பாருங்கள். உண்ணி குடியிருப்பது அங்கே. இரவில் ஆள் தங்குகிறாரா, நோய் வந்தால் எந்த மருத்துவர், பருவத்துக்கு வந்த பெண் நாயைத் தனியே வைப்பார்களா என்று கேளுங்கள். வீட்டில் மோர் சாதம் தின்ற நாய்க்குத் திடீரென்று பாக்கெட் தீனி போட்டால் வயிற்றுப்போக்கு வரலாம்; பழகிய உணவையே எழுதிக் கொடுப்பது நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பூசிச் சான்றைக் கேட்காமலே நாயைச் சேர்த்துக்கொள்ளும் விடுதியிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். உங்களைக் கேட்காதவர் பக்கத்துக் கூண்டுக்காரரையும் கேட்டிருக்க மாட்டார். பார்வோவும், டிஸ்டெம்பரும், கூண்டுக்குக் கூண்டு காற்றிலேயே தாவும் இருமல் நோயும் பரவுவது இப்படித்தான்.

மகன் சிங்கப்பூரிலும் மகள் வளைகுடாவிலுமாக, ஊரில் ஒரு முதியவரும் ஒரு நாயுமாக வாழும் வீடுகள் இன்று நம்மிடையே பல. பேரக்குழந்தையைப் பார்க்க அவர் ஆறு மாதம் விமானம் ஏறினால் அதற்கு விடுதியும் பயன்படாது, கூலியாளும் பயன்படமாட்டார். அங்கே நாய்க்குத் தேவை இன்னொரு வீடு. அதைப் பயணச்சீட்டு வாங்குமுன்பே தேடவேண்டும். தேடாமல் பூட்டிய வீட்டு வாசலில் விட்டதெல்லாம்தான் பிறகு தெருநாயாகிறது. அப்புறம் தெருநாய்த் தொல்லை என்று நாமே மனு எழுதுகிறோம்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்னதாகவே ஆண்டுத் தடுப்பூசிகளை முடித்துவிடுங்கள். வெறிநோய்க்கு மட்டுமன்றி எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வயல் தண்ணீரும் எலியும் மிகுந்த நம் பகுதியில் அது நாயின் சிறுநீர் வழியே, அதைப் பார்த்துக்கொள்பவரையும் தொற்றக்கூடியது. பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் விசாரியுங்கள். தஞ்சை மாவட்டத்திலேயே, ஒரத்தநாட்டில், 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.