எட்டாவது வருஷத்துச் சித்திரை

1931-இல் தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. தலைக்கு மேல் கம்பி இருந்தபடியால், "எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்க அவசியமில்லை. பாட்டரி சுமக்கும் காரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2020-இல் வந்த நெக்ஸான் மின்காருக்கு 312 கிலோமீட்டர் என்று சான்று. அது ஆய்வுக்கூடத்து உருளைமேல் ஓட்டிய கணக்கு. அக்கினி நட்சத்திரத்தில் ஏ.ஸி. போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்த கணக்கல்ல.

நார்வேக்காரருக்குக் குளிரில் குறைந்த தூரம் வசந்தத்தில் திரும்பிவிடும். நம் வெயில் பாட்டரியின் ஆயுளில் தின்றது திரும்பாது. சும்மா நிறுத்தி வைத்தாலும் அதற்கு வயது ஏறும்.

எட்டு வருஷ உத்தரவாதம் என்கிறார்கள். நல்லது. எட்டாவது வருஷம், சித்திரை மாதம் எவ்வளவு ஓடும்? அதையும் விளம்பரத்தில் அச்சடியுங்கள், ஐயா! தவணை கட்டுகிறவனும், பிறகு அதைப் பழசாக வாங்குகிறவனும் நடுத்தரக் குடும்பத்தார்தாம். முதல்நாள் ஓட்டம் அவர்களுக்கு எதற்கு?