ஆண்டாய்வு எதை ஆய்கிறது?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டாய்வுக்குத் தேதி சொல்லிவிட்டால் பள்ளியில் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். வருகைப் பதிவேட்டில் மாத மொத்தம் சரிபார்க்கப்படும். இருப்புப் பதிவேடும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நோட்டும் மேஜைக்கு வந்துவிடும். சரளமாக வாசிக்கும் பிள்ளை முன்வரிசையில் உட்காரும். தடுமாறும் பிள்ளை அன்று வராவிட்டால் யாரும் தேடுவதில்லை.

ஆய்வுக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலும் அவர் தலையில்தான். பதிவேடு சரியா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பது தெரியாது. எனவே, சட்டென்று கண்ணில் படுவதற்கே மதிப்பெண் கிடைக்கிறது.

இது பழைய நோய். 1862 விதிகளின்படி, இங்கிலாந்தில் ஆய்வாளர் வைக்கும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதைப் பொறுத்தே மானியத்தின் பெரும்பகுதி. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தையே நெட்டுருப் போட்டார்கள். பள்ளி ஆய்வாளராகவே பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அந்த முறையைக் கண்டித்தார். அதே நாட்டில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு, அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளை ஒற்றைச் சொல்லில் தரம்பிரிக்கும் வழக்கத்தை 2024 செப்டம்பரில்தான் கைவிட்டது. ஒரு தலைமை ஆசிரியையின் தற்கொலையில் ஆய்வுக்கும் பங்குண்டு என்று மரண விசாரணையில் முடிவான பிறகே அது நடந்தது.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்பேனா? மாட்டேன். கழிப்பறையில் தண்ணீர் வராததும், ஆசிரியர் பள்ளிக்கு வராததும் ஆய்வு இருந்தால்தான் வெளியே வரும். கற்பித்தலை எடைபோட வேறு வழி வேண்டும். ஆசிரியர் எடுத்துக் கொடுக்கும் நோட்டை விட்டுவிட்டு, அலுவலரே கையில் அகப்பட்ட மூன்று கட்டுரை நோட்டுகளை எடுத்து ஜூன் மாதத்திலிருந்து புரட்டட்டும். மூன்றிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. சிவப்பு மையில் திருத்தியதைப் பிள்ளை மறுபடி எழுதியிருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. பிறகு ஒரு பாடவேளை முழுக்கக் கடைசி வரிசையில் உட்காரட்டும்.

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால், அது அறிக்கையின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். கூடுதல் ஆசிரியரைத் தராமல் பள்ளியின் தரம் குறைவு என்று எழுதினால், துறை தன் குறையைப் பள்ளியின் கணக்கில் எழுதுகிறது என்றுதான் அர்த்தம்.