நிறம் மட்டும் பார்த்து வாங்காதீர்

உறுவையாற்றில் மாடிக்கு வண்ணத் தகட்டுக் கூரை போட விழைவோர் முதலில் நிறத்தையே வினவுகின்றனர். அயல்நாட்டில் மகன் வியர்வை சிந்தி அனுப்பிய பணமல்லவா? பூச்சின் வகையையும் வினவுங்கள். சாதாரணப் பாலியெஸ்டர் மலிவு. நம் வெயிலில் விரைவில் வெளிறும், தொட்டால் விரலில் மாவாய் ஒட்டும். 'சூப்பர் டியூரபிள்' பாலியெஸ்டர் விலை கூடுதல். நிறமோ நெடுநாள் நிற்கும்.

ஆயினும் மேற்சாயம் ஏறத்தாழ 20 மைக்ரான்தான். துருவைத் தடுப்பது அதனடியிலுள்ள உலோகப் படலமே. கடற்காற்று வீசும் நம் பக்கத்திற்கு, இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினிய-துத்தநாகப் படலம் கேளுங்கள். ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் எனக்கு நம்பிக்கையில்லை.

அறுப்புச் சக்கரத்தால் வெட்டினால் தீப்பொறி தெறித்துப் பூச்சைச் சுடும். தகடு வெட்டும் கத்திரியே நன்று. துளையிட்ட இரும்புத் தூளை அன்றே துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். விட்டால், மறு மழையிலேயே புள்ளிபுள்ளியாய்த் துருவேறும்.