காத்திருப்பும் ஒரு நோயே

பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாக்கள் நடைபெறுகின்றன. கறுப்பு அங்கி தரித்த இளைஞரும் யுவதிகளும் வரிசையாக மேடையேறிப் பட்டச் சான்றிதழைப் பெற்று இறங்குகின்றனர். பின்னர் அவர்களுக்கென ஒரு பேருரை நிகழ்த்தப்படுகிறது. பேச்சாளர் மாறினும் பேச்சின் சாரம் மாறுவதில்லை. இன்று உங்களுக்குப் புதுவாழ்வு தொடங்குகிறது; அதிகாலையில் எழுங்கள்; அளவறிந்து உண்ணுங்கள்; உடலைப் பேணுங்கள்; மனத்தைத் தளரவிடாதீர்கள்; உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையிலேயே இருக்கிறது. இதே உபதேசம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் வருகிறது. கைப்பேசித் திரையிலும் வருகிறது.

இவ்வுபதேசத்திற் பொய் ஏதும் உண்டா? இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும், நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும், உப்பு 5 கிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது ஆய்ந்து கண்ட உண்மை. இந்நாட்டில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் விளைகின்றன என்பதும் உண்மை. விஞ்ஞானத்தை எள்ளி நகையாடுவது முற்போக்காளர் தொழிலன்று. எமது வழக்கு வேறு. உபதேசம் சரியானது, அது சென்று சேர வேண்டிய இடமே தவறிப்போயிற்று. 400 கிராம் காய்கறி வாங்க வருவாய் வேண்டும். 150 நிமிடம் நடக்க ஓய்வுநேரமும் நடப்பதற்கு இடமும் வேண்டும். மனம் தளராதிருக்க நாளை பற்றிய நம்பிக்கை வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஒருவனைப் பார்த்து, ஆரோக்கியம் உன் கையில் என்று கூறுவது அறிவுரையல்ல, பழிசுமத்தல்.

இன்றைய பட்டதாரி யார் என்பதை முதலில் நோக்குவோம். கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கமக்காரனின் மகளையும் கடற்றொழிலாளியின் மகனையும் தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளையையும் பல்கலைக்கழக வாசல்வரை அழைத்து வந்தது. இது எமது மக்கள் பெற்ற மாபெரும் பேறுகளுள் ஒன்று. ஆயின் வாசலுக்குள் புகுந்தவர் வெளியேறும் வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சிந்தித்த ஆட்சியாளர் மிகச் சிலரே. பட்டம் பெற்ற பிள்ளை வீட்டுக்குத் திரும்புகிறது. தகப்பன் பட்ட கடன் திரும்பவில்லை. அயலார் கேட்கும் கேள்வி ஒன்றே: இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லையா?

இது நேற்றுத் தோன்றிய சங்கடமன்று. 1971ஆம் ஆண்டு டட்லி சீயர்ஸ் தலைமையில் இங்கு வந்து ஆராய்ந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருந்த தொழில்களுக்கும் இடையிலான பிளவையே தன் அறிக்கையின் மையமாக்கிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் தென்னிலங்கையின் படித்த இளைஞர் ஆயிரக்கணக்கில் ஆயுதமேந்தி மடிந்தனர். 2017ஆம் ஆண்டு மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் பனியிலும் தெருவோரத்தில் மாதக்கணக்காக அமர்ந்திருந்தனர். 2020ஆம் ஆண்டு பட்டதாரிப் பயிலுநர் என்ற பெயரில் ஆட்சேர்க்கப்பட்டோர்க்கு மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு விதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 666 ரூபா சொச்சம். பஸ் கட்டணம், அறை வாடகை, மூன்று வேளை உணவு, வீட்டுக்கு அனுப்பவேண்டிய பங்கு ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். ஈராண்டு கழிந்து 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நகர நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்குள் 94.9 வீதத்தால் ஏறியது. அவ்வேளையிலும் சுகாதாரப் பக்கங்கள் பழம் உண்ணுமாறே உபதேசித்தன.

வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரியின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். எழுந்து செல்வதற்கு ஓரிடம் இல்லையாதலால் எழும் நேரத்துக்கு ஒழுங்கில்லை. காலையில் பாணும் சம்பலும், சீனி மிகுந்த தேநீரும். பின்னேரம் தனியார் கல்வி நிலையம் ஒன்றில் நின்றபடி நான்கு மணிநேரம் பாடம். இரவு மறுபடி பாண் அல்லது கடைக் கொத்துரொட்டி. வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்பட்டதா என்று நள்ளிரவுவரை கைப்பேசியைத் துழாவுதல். கோவில் திருவிழாவுக்கும் போவதில்லை, திருமண வீட்டுக்கும் போவதில்லை, கேள்விக்கு அஞ்சி. இவ்வாறு நான்கு, ஐந்து ஆண்டுகள். இருபத்தைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில், உடல் வலிமை உச்சத்திலிருக்கும் பருவத்தில், ஒரு தலைமுறை இப்படித் துருப்பிடித்துப் போகிறது.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் சில காலத்துக்கு முன் சான்றிதழ்ப் பிரதியொன்றில் ஒப்பம் பெறப் பாடசாலைக்கு வந்தார். பாடசாலை நாட்களில் அவர் கரப்பந்தாட்ட அணியின் தலைவர். இன்று வயது இருபத்தெட்டு. நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார். நடந்தாற் குறையும் என்று வைத்தியர் கூறியதாகச் சொன்னார். ஏன் நடப்பதில்லை என்று கேட்டோம். “ஊருக்குள்ளே நடந்தால் எல்லாரும் வேலை கிடைச்சுதோ எண்டு கேக்கினம், சேர்” என்றார். இம்மறுமொழிக்கு எந்தச் சுகாதாரப் பக்கத்திலும் மருந்தில்லை. காத்திருப்பும் ஒரு நோயே என்று அன்று உணர்ந்தோம். அது உடலை உள்ளிருந்து அரிக்கும் நோய்.

வேலை கிடைத்தவர் நிலை மேலானதா? தலைநகரின் தனியார் நிறுவனங்களிற் சேர்ந்த பட்டதாரிகள் பலர் வெளிச்சம் வரமுன் பஸ் ஏறி, இருண்டபின் அறைக்குத் திரும்புகின்றனர். நாள் முழுவதும் கதிரையிலிருந்து கணினியைப் பார்த்த கண்ணோடு, அறைத் தோழர் வாங்கி வந்த சோற்றுப் பொதியை உண்டு படுக்கின்றனர். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலைநேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. தொழிலாளர் போராடிப் பெற்ற எல்லை அது. அந்த எல்லையை இன்று மீறுவோர் முதலாளிமார் மட்டுமல்லர். தாம் தொழிலாளியல்லர், ‘நிறைவேற்றுத் தர’ உத்தியோகத்தர் என்ற மயக்கத்தில் பட்டதாரிகளே அதனைத் தம் கையால் அழிக்கின்றனர். எட்டு மணிக்கு மேற்பட்ட உழைப்பை இலவசமாக ஈந்துவிட்டு, இழந்த ஆரோக்கியத்தை மாதக் கட்டணம் செலுத்தி உடற்பயிற்சிக் கூடத்தில் மீட்க முயல்கின்றனர்!

பெண் பட்டதாரியின் நிலையோ இதனினும் இறுக்கமானது. காத்திருக்கும் காலத்தில் அவள் வீட்டில் சும்மா இருப்பவள் எனக் கருதப்படுகிறாள். ஆகவே அடுப்பும் கிணற்றடியும் நோயாளியின் கட்டிலும் அவள் பொறுப்பாகின்றன. எல்லோரும் உண்டபின் எஞ்சியதே அவள் உணவு. மாலையில் விளையாட்டு மைதானத்தில் ஆண்களுக்கு இடமுண்டு. அவளுக்கு வேலிக்கு வெளியே நிற்பதற்கும் அனுமதியில்லை. நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று அவளுக்கு உபதேசிப்போர், அவள் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எவருடைய ஏளனத்தைத் தாங்கி நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசு யாதும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2011ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் சுகவாழ்வு நிலையங்களை அமைத்தது. நல்ல முயற்சி. ஆயினும் அவை தொடக்கத்தில் நோக்கியது 40 முதல் 65 வயது வரையானோரை. வயதெல்லை பின்னரே குறைக்கப்பட்டது. நாற்பதில் வெளிப்படும் நோய் இருபத்தைந்தில் விதைக்கப்படுகிறது. விதைக்கும் காலத்தில் கண்டும் காணாதிருந்து, அறுவடைக் காலத்தில் இரத்தத்தைச் சோதிப்பது எவ்வளவு தூரம் உதவும்?

இதுவரை எழுதியதற்கு எம் நண்பர் பலர் தலையசைப்பர். இனி எழுதுவது அவர்களுக்குக் கசக்கலாம். சமுதாயம் மாறட்டும், உடலைப் பிறகு பார்க்கலாம் என்ற போக்கு எமது அணியிலும் ஊறிக் கிடக்கிறது. சிகரெட்டும் பிளேன்ரீயும் விடியவிடிய விவாதமும் புரட்சிகரச் சிந்தனையின் அடையாளங்களாக மதிக்கப்படுகின்றன. உடற்பயிற்சி செய்பவனைக் குட்டி முதலாளித்துவவாதி என்று கேலி செய்யவும் சிலர் தயங்குவதில்லை. முப்பத்தைந்து வயதில் இருமிக்கொண்டு மூலையில் முடங்கும் தோழனால் எந்த வர்க்கத்துக்கு என்ன பயன்? உழைக்கும் மக்களின் ஒரே உடைமை அவர்தம் உடல். அதனை அலட்சியம் செய்யப் பழகியவன் உழைப்பாளியின் உடலையும் அலட்சியமே செய்வான்.

எமது முன்னோர் இவ்வாறு எண்ணியதில்லை. 1848ஆம் ஆண்டு மேல் சைலீசியாவில் பரவிய தைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற இளம் வைத்தியர் ருடோல்ஃப் விர்கோவுக்கு வயது இருபத்தாறு. மருந்தின் பெயரை மட்டும் எழுதாது, கல்வியும் சுதந்திரமும் வருவாயும் அம்மக்களுக்கு வேண்டும் என்று அவர் தம் அறிக்கையில் எழுதினார். நமது நாட்டிலும் உதாரணம் உண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அப்போது லண்டனிலிருந்து பட்டத்தோடு திரும்பியிருந்த இளைஞர் சிலர், சூரியமல் இயக்கத்தின் தொண்டர்களாய்க் கேகாலை மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்றனர். பசித்த உடலிற் காய்ச்சல் எளிதிற் கொல்லும் என்றறிந்து மருந்தோடு உணவும் கொடுத்தனர். கலாநிதிப் பட்டம் பெற்ற என். எம். பெரேராவுக்கு ருவான்வெல்லை மக்கள் சூட்டிய பட்டம் ‘பருப்பு மாத்தையா’. அவ்வணியினர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அடுத்த ஆண்டு அதே ருவான்வெல்லை அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. அவர்தம் பிற்கால அரசியல் பற்றி, குறிப்பாக 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்குத் துணைநின்றது பற்றி, எமக்குக் கடுமையான கண்டனம் உண்டு. அது வேறு கட்டுரைக்குரியது. பட்டம் பெற்ற இளைஞர் தம் புதுவாழ்வைப் பிறர் உடல்நலத்திலிருந்து தொடங்கினர் என்பதே இங்கு நாம் நினைக்க வேண்டியது.

அவ்வாறு தொடங்குவதற்கு எம்மைத் தடுப்பது எது? வறுமை மட்டுமன்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழியை நாம் சிரித்துக்கொண்டு சொல்கிறோம். ஆயின் அதற்குப் பணிந்தே வாழ்கிறோம். மண்வெட்டி பிடித்தால் மதிப்புப் போய்விடும் என்ற அச்சம் எங்கிருந்து வந்தது? உடலுழைப்பைத் தாழ்ந்த சாதிக்குரியதென ஒதுக்கி வைத்த சமுதாயம் ஈந்த நஞ்சு அது. அந்நஞ்சு முதலில் உழைப்பவனை இழிவுபடுத்திற்று. இன்று உழைக்காதவனின் இரத்தத்திற் சீனியாய் நின்று அவனையே கொல்கிறது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. முதலாவது, ஆள்வோரிடம். பட்டதாரி நியமனம் தேர்தல் வரும்போது வீசப்படும் எலும்புத்துண்டாக இருத்தலாகாது. ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் வெற்றிடங்கள் அறிவிக்கப்பட்டு நிரப்பப்பட வேண்டும். பயிலுநர்க்கு வழங்கப்படுவது உண்டு உடுத்து வாழப் போதிய ஊதியமாக இருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் சட்டம் தனியார் காரியாலயங்களில் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். இருபது வயதினரும் அஞ்சாது சென்று உடலையும் மனத்தையும் காட்டக்கூடிய நிலையங்கள் கிராமங்களில் வேண்டும்.

இரண்டாவது, பட்டதாரிகளிடம். நியமனக் கடிதம் வந்தபின்தான் வாழ்வு தொடங்கும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் வாசிகசாலைகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறவுங்கள். மாலையில் ஒரு மணிநேரம் கரப்பந்தாட்டம். வாரத்தில் மூன்று நாளாவது அம்மைதானம் பெண்களுக்குரியது என்று தீர்மானியுங்கள். காத்திருப்போர் பத்துப்பேர் சேர்ந்தால் வெறும் வளவொன்றில் கீரையும் மரவள்ளியும் முருங்கையும் பயிரிடலாம். பாணுக்குப் பதில் குரக்கன் பிட்டும் கீரைக்கறியும் பத்துப்பேருக்கு ஒரே அடுப்பில் ஆகும்; ஆணும் பெண்ணும் முறைவைத்துச் சமைக்கட்டும். ஒருவன் தனியே தெருவில் நடந்தால் ஊர் கேள்வி கேட்கும். பத்துப்பேர் சேர்ந்து நடந்தால் அக்கேள்வி கச்சேரியை நோக்கித் திரும்பும்.

வேலை கேட்கும் போராட்டத்துக்கு இது மாற்றாகுமா என்று ஐயுறுவோர் உளர். ஆகாது. தோட்டம் செய்கிறார்கள், இனி வேலை எதற்கு என்று ஆள்வோர் கூற இடங்கொடுத்தால் நாம் தோற்றவர்களாவோம். ஆனால் போராடுவதற்கும் உடல் வேண்டும். மாதக்கணக்கில் தெருவோரத்தில் அமர்ந்திருந்தோர் இதனை அறிவர். கோரிக்கையை விடாது பற்றிக்கொண்டு, அக்கோரிக்கை நிறைவேறும் நாள்வரை ஒருவரையொருவர் நோயிலும் தனிமையிலும் விழவிடாது காப்பதே நாம் கூறும் புதுவாழ்வு.

எம்மிடம் வந்த அம்மாணவரிடம், மாலையில் பாடசாலை மைதானத்துக்கு வந்து இளைய மாணவருக்குப் பந்தாடக் கற்பிக்குமாறு கேட்டோம். முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் வந்தார். நியமனம் இன்னும் வரவில்லை. அதற்காக அவரோடு சேர்ந்து நாமும் குரல்கொடுப்போம். பந்தாட்டம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.