ஆகாபைப் படித்த இருவர்

அறிவியல் புனைகதையில் பழைய நாவலின் பாத்திரம் ஒன்று தலைகாட்டினால், சொந்தச் சரக்கு தீர்ந்துபோய் இரவல் வாங்குகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. வெறும் பெயரை ஒட்டவைக்கும் கதைகளுக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் காட்சி நிற்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலின் கப்பல் தலைவன் ஆகாப். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கக் கப்பலையே பணயம் வைக்கிறான். வாயில்லா விலங்கிடம் வஞ்சம் எதற்கு என்று துணை அதிகாரி ஸ்டார்பக் தடுக்கிறான். ஆகாப் கேட்கவில்லை. கப்பல் மூழ்குகிறது, கதை சொல்லும் இஸ்மாயில் மட்டும் பிழைக்கிறான்.

'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் 1982இல் வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்தில், பாழடைந்த கோளில் பல ஆண்டுகள் தவித்த கானின் இருப்பிடத்தைக் கேமரா சுற்றிக் காட்டுகிறது. அலமாரியில் 'மோபி டிக்' இருக்கிறது. பிறகு அவன் கையில் ஒரு விண்கலம் கிடைக்கிறது, தன் எதிரி கிர்க்கைப் பழிவாங்கத் துடிக்கிறான். "கலம் இருக்கிறது, விடுதலை கிடைத்துவிட்டது, கிர்க்கை இன்னொரு முறை வெல்ல வேண்டியதில்லை" என்ற பொருளில் அவனுடைய ஆள் யோவாகிம் எடுத்துச் சொல்கிறான். அதாவது, ஸ்டார்பக்கின் இடத்தில் நின்று பேசுகிறான். கான் பதிலுக்கு ஆகாபின் வசனத்தையே சொல்கிறான். ஆகாபின் கதி தெரிந்தே அவன் அந்த வழியில் போகிறான் என்பதுதான் நம்மை உலுக்குகிறது.

அதே வரிசையில் 1996இல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படம் அந்த நாவலை வேறு விதமாகக் கையாள்கிறது. 'போர்க்' (Borg) என்ற எதிரிக் கூட்டத்திடம் முன்பு சிக்கித் தன்னையே இழந்திருந்தவர் கேப்டன் பிக்கார்ட். அந்தக் கூட்டம் அவருடைய விண்கலத்தைப் பிடித்துக்கொண்டே வந்தபோதும், அதைத் தகர்த்துவிட்டு வெளியேற மறுக்கிறார். லில்லி என்ற பெண் வாதாட, கோபத்தில் மாதிரிக் கப்பல்கள் வைத்த கண்ணாடிப் பேழையை உடைக்கிறார். லில்லி அவரை ஆகாப் என்று அழைத்துவிட்டுத் திரும்புகிறாள். அந்த ஒரு சொல்லில் பிக்கார்ட் தணிந்து, நாவலின் வரிகளை நினைவிலிருந்து சொல்கிறார். தான் அதைப் படித்ததே இல்லை என்கிறாள் லில்லி! படித்தவர் அவர், அதனால் அவருக்குத்தான் உறைக்கிறது. கலத்தைக் கைவிடும்படி ஆணையிடுகிறார்.

நாவல் ஒன்றுதான். கானுக்கு அது வெறிக்குத் துணை, பிக்கார்டுக்குக் கடிவாளம். ஆகாபை எடுத்துவிட்டால் இந்த இரண்டு காட்சிகளும் நிற்காது. இதை இரவல் என்று சொல்ல முடியாது. ஒரு நாவலை வாசிப்பது மனிதனை என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இது.

முழு நாவலும் மலைப்பாக இருந்தால், ஆகாபும் ஸ்டார்பக்கும் மோதும் 36ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது முதலில் படியுங்கள். பிறகு 1982 படத்தில் யோவாகிம் பேசும் இடத்தைக் கவனியுங்கள்.